தங்கப்பன் குதிரையின் வலது கண்

வரிச்சிக்குடியில் குதிரை வைத்திருப்பவர் தங்கப்பன் ஒருவர்தான். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. முப்பது வயது வரை வயல் வேலை செய்தார், பிறகு மினி லாரி ஓட்டினார். திருமலைராயன்பட்டினத்து மதார் சாகிப், கல்யாண ஊர்வலத்துக்கென்று வைத்திருந்த வெள்ளைக் குதிரையை ஒருமுறை தங்கப்பனின் வண்டியில்தான் ஏற்றி அனுப்பினார். வழி முழுக்க அது முன்பக்கத்துச் சின்ன ஜன்னலில் மூக்கை வைத்து, ஓட்டுகிறவர் பிடரியில் மூச்சு விட்டுக்கொண்டே வந்ததாம். சாகிப் அந்தத் தொழிலை விட்டபோது தங்கப்பன் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். சுல்தானா என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை.

"கூப்புட்டா திரும்புது. அப்பறம் எதுக்கு மாத்தணும்?" என்பார்.

"அது திரும்புது சரி. நான் கூப்புட்டா நீங்க திரும்புறீங்களா?" என்பார் அவர் மனைவி லோகாம்பாள். "எனக்குக் கண்ணு செவந்தா, கடைக்குப் போயி நீயே வாங்கிக்கம்பாரு. குதிரைக்குன்னா இவரே ஓடுவாரு."

அது உண்மைதான். மாலையில் காரைக்கால் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றி நடத்திச் செல்வது தங்கப்பனுக்கும் சுல்தானாவுக்கும் வேலை. காற்றில் மணல் பறக்கும். வெயில் காலத்தில் சுல்தானாவின் கண்ணில் நீர் வடியும், ஈ மொய்க்கும். தங்கப்பன் மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றுவார். மனிதர்களுக்கு விற்கும் மருந்துதான். இரண்டு நாளில் நீர் நிற்கும், அவரும் நிறுத்திவிடுவார். மீதிப் பாட்டில் கொட்டகைக் கீற்றில் செருகியிருக்கும். அடுத்த தடவைக்கு அது. அதற்குக் கேட்கவில்லையென்றால் கடைக்காரர் வேறொன்று கொடுப்பார். நான்கு வருடம் இப்படியே போயிற்று. எங்கள் வீட்டிலும் மீந்த மாத்திரைகள் ஒரு டப்பாவில் இருக்கின்றன. யாருக்கும் அது தவறாகத் தோன்றியதில்லை.

இந்தச் சித்திரையில் வலது கண் திறக்கவே இல்லை. கால்நடை மருத்துவர் பாரதி வந்து பார்த்தார். கண்ணில் வழிந்த சீழைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு எடுத்துப் புதுச்சேரிக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தவுடன் தனக்கு அனுப்பும்படி தங்கப்பனிடம் சொன்னார். படிவத்தில் எழுதியிருந்தது அவருடைய எண்.

செவ்வாய்க்கிழமை முடிவு வந்ததும் தங்கப்பன் போனை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பாப்பா, நீ ரெண்டு பாசையும் படிச்சவ. என்ன போட்டுருக்குன்னு பாத்துச் சொல்லு."

பன்னிரண்டு மருந்துகளின் பெயர்கள் இருந்தன. பதினொன்றுக்கு எதிரில் 'ரெசிஸ்டன்ட்' என்று இருந்தது.

"பதினோரு மருந்துக்கு எதிர்ப்பு இருக்குன்னு போட்டுருக்கு மாமா" என்றேன்.

"எதிர்ப்பு இருக்கா?"

"ம்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதானே பாத்தேன். கொள்ளும் புல்லுமா போட்டு வளத்த ஒடம்பு. எதிர்ப்பு சக்தி இல்லாம போயிடுமா?"

கொரோனா காலத்தில் சுவரெல்லாம் எழுதியிருந்த வார்த்தை அது. அது இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெடுதல் என்றுதான் ஊர் அறியும். அவர் தவறாக எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் புரிந்தது. "மாமா" என்றேன். என் குரல் எப்போதும் கொஞ்சம் உள்ளேதான் இருக்கும். அவர் வண்டியை எடுத்துவிட்டார். எப்படியும் மருத்துவருக்கு அனுப்புவார், அவர் சொல்லிக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். நல்ல செய்தியை மருத்துவருக்கு அனுப்ப என்ன அவசரம் என்று தங்கப்பன் இருந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை லோகாம்பாள் அத்தை என்னைக் கூப்பிட்டார். கண் நீலம் பாய்ந்து வெளுத்திருந்தது. நடுவில் வெந்த ஜவ்வரிசி போல ஏதோ குழைந்து நின்றது. பாரதி வந்து, போனை வாங்கிப் படித்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"செவ்வாக்கெழம."

"ஏன் அனுப்பல?"

"எதிர்ப்பு நல்லா இருக்குன்னு போட்டிருந்துச்சே, டாக்டரம்மா."

பாரதி போனைத் திருப்பிக் கொடுத்தார். "எதிர்ப்பு குதிரைக்கு இல்லீங்க, கிருமிக்கு. அந்தப் பதினோரு மருந்தும் இதுக்குத் தண்ணி மாதிரிதான்."

தங்கப்பன் என் பக்கம் திரும்பவில்லை. அவர் திரும்பியிருக்கலாம் என்று இருந்தது.

மிச்சமிருந்த ஒரே மருந்து காரைக்காலில் எந்தக் கடையிலும் இல்லை. சென்னையிலிருந்து பஸ்ஸில் வரவேண்டும். அதுவரைக்கும் கண் கரைவதைத் தடுக்க, சுல்தானாவின் ரத்தத்தையே எடுத்து, அதிலிருந்து தெளிந்த நீரைப் பிரித்துக் கொடுத்தார் பாரதி. தங்கப்பன் அதை மணிக்கொரு தரம் கண்ணில் ஊற்றினார். முன்பெல்லாம் அவர் கையைக் கண்டாலே தலையைத் தாழ்த்தும் குதிரை, இப்போது அவர் வருவது தெரிந்தாலே சுவரோரம் ஒதுங்கிற்று.

சனிக்கிழமை மத்தியானம் கண் உடைந்தது. மருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"இனி வலிக்குத்தான் வைத்தியம். கண்ண எடுத்துடணும்" என்றார் பாரதி.

அன்று மாலை போய்ச் சொன்னேன். "நான் வெளக்கமா சொல்லியிருக்கணும் மாமா."

அவர் வாளி கழுவிக்கொண்டிருந்தார். "இருந்ததத்தான் சொன்ன பாப்பா. யாருக்குன்னு நான் கேக்கல." தண்ணீரைக் கொட்டிவிட்டு, "பன்னண்டாவது மருந்து எதுன்னும் கேக்கல" என்றார். நானும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

கண்ணை எடுத்துத் தைத்துப் பத்து நாள் ஆகிறது. இன்று காலை இடது கண்ணின் ஓரத்தில் ஈரம் தெரிந்தது. தூசியாக இருக்கலாம். தங்கப்பன் உடனே போன் செய்தார். விழிதியூரில் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், முடித்துவிட்டு வருவதாகவும் பாரதி சொன்னார். "அது வரைக்கும் ஒன்னும் ஊத்தாதீங்க. தொடவும் வேணாம்."

"சரிங்க" என்றார். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "வேற என்னதான் செய்யட்டும்?" என்று கேட்டார். இணைப்பு அதற்குள் போய்விட்டிருந்தது.

சுல்தானாவின் இடது பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து, கண்ணில் படாமல், ஈயை விசிறிக்கொண்டிருந்தார்.