பேஸை விட்டு எழும்பிய கால்

சித்தப்பா அம்பயராக நின்ற ஆட்டத்தில்தான் நான் அவுட்டானேன். அதுவும் அவுட்டே இல்லாத அவுட். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது ஒன்பதாம் வகுப்பு. தக்கலையில் பள்ளி மாணவிகளுக்கான சாஃப்ட்பால் இறுதி ஆட்டம். அந்த விளையாட்டுக்கு எங்கள் பக்கம் அம்பயர் தட்டுப்பாடு. அதனால் அப்பாவின் தம்பியையே பந்தடிக்கிற இடமான ஹோம் பிளேட்டில் நிறுத்திவிட்டார்கள். அடித்தவர்கள் ஓடித் தொட வேண்டிய பேஸ்களைப் பார்த்துக்கொள்ளக் களியக்காவிளையிலிருந்து இன்னொரு சார் வந்திருந்தார். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், மூன்றாம் பேஸில் எங்கள் ஆள். நான் பந்தைத் தரையோடு அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடினேன். நான் தப்பினால் அவளுடைய ஓட்டம் கணக்கில் சேர்ந்து ஆட்டம் சமன். இல்லையென்றால் தோல்வி.

எறிந்த பந்தை முதல் பேஸில் நின்று எட்டிப் பிடித்தவளின் கால் பேஸை விட்டு எழும்பிவிட்டது. கால் பேஸில் இல்லாவிட்டால் அவுட் கிடையாது. களியக்காவிளை சார் நின்ற இடத்திலிருந்து அவள் முதுகுதான் தெரிந்திருக்கும். முஷ்டியை உயர்த்தி அவுட் என்றார். எங்கள் பி.டி. டீச்சர் ஓடிவந்து, பார்ட்னர் அம்பயரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றார். ஹோம் பிளேட்டிலிருந்து பார்த்தால் அந்தக் காலும் பேஸும் தெளிவாகத் தெரியும். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு பேரும் தனியே போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள். திரும்பி வந்த சார் மறுபடியும் அவுட் என்றார். சித்தப்பா முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்க்காமலே நடந்தார்.

அதோடு விட்டாரா? மத்தியானம் அதே மனிதரைப் பைக்கில் ஏற்றி எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தார். தன் கையாலேயே மீன் குழம்பு விளம்பினார். அடுக்களையில் நின்று நான் பல்லைக் கடித்தேன். விருந்தாளி போனதும் அப்பா தம்பியை வாய்க்கு வந்தபடி ஏசினார். சொந்த அண்ணன் மகளுக்காக ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழும்பவில்லையா என்றார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கால் எழும்பியதைப் பார்த்தாரா இல்லையா என்று நானே போய்க் கேட்டேன்.

"அம்பயர் ரெண்டு பேரு பேசினத வெளிய சொல்லப்பிடாது மக்கா."

அந்தத் தீபாவளிக்கு அவர் எடுத்துத் தந்த சுடிதாரை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் களியக்காவிளை சாரைப் பார்த்தேன். நரைத்துப்போயிருந்தார். அவரே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏதோ பழைய வேடிக்கையைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"கால் எழும்பிச்சு, பிள்ள சேஃப்னுதான் உனக்க சித்தப்பா அண்ணைக்குச் சொன்னாரு. சொந்தக்காரப் பிள்ளைக்காகச் சொல்லுதாருன்னு நான் நம்பேல்ல."

அவுட் சொன்னவர்தான் அதை மாற்ற முடியும். பார்ட்னர் கண்டதைச் சொல்லலாம், அதற்குமேல் அவருக்கு அதிகாரம் இல்லை. என்ன விதியோ, யார் எழுதியதோ! அந்த மனிதரிடம் முகம் கொடுத்துப் பேசப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்காகச் சித்தப்பா வாயைத் திறக்கவில்லை என்றுதான் அந்த வயதில் கொதித்தேன். அவர் திறந்தார் என்பதும், என் சித்தப்பாவாக இருந்த ஒரே காரணத்தால் அவர் கண்ணால் கண்டது எடுபடாமல் போனது என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை.