அரளி நிறுத்திய பஸ்

மத்தியானம் மூன்று மணி. பஸ்ஸில் நாற்பது பேருக்குமேல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து டிரைவரும் தூங்கிப்போனார்.

இருபத்திரண்டு வருஷமாக அதே சாலையில் பஸ் ஓட்டியவர். ஆள் பற்றாக்குறை என்று டிப்போவில் அந்த வாரம் அவருக்கு அடுத்தடுத்து இரட்டை ஷிப்ட் போட்டிருந்தார்கள். கண் மூடிய அந்த நொடியில் ஒரு கனவு வந்ததாகப் பிற்பாடு மனைவியிடம் மட்டும் சொன்னார். எங்கேயோ மிதந்து போகிறார். சுற்றிலும் இளஞ்சிவப்பாக மேகம். சத்தமே இல்லை.

கண்ணைத் திறந்தபோதும் மேகம் கலையவில்லை. முன்கண்ணாடி முழுக்க அரளிப்பூ அப்பிக் கிடந்தது. பஸ், சாலையின் நடுத்திட்டில் ஏறி, ஆளுயர அரளிச் செடிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டு போய், ஏழாவது செடியில் சிக்கி நின்றிருந்தது. அந்தப் பக்கம் லாரிகள் விர் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன.

யாருக்கும் பெரிய அடியில்லை. கண்டக்டருக்கு மட்டும் முன்பல் ஒன்று போனது. "பல்லுதானே அண்ணே, போனா போகுது. எறங்குங்க" என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டே அவர்தான் டிரைவரைக் கைபிடித்து இறக்கினார்.

டிப்போவில் ஆறு மாதம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வீட்டில் அவரால் படுக்கவே முடியவில்லை. இமை தாழ்ந்தாலே உடம்பு தூக்கிவாரிப் போடும். நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். ஒருநாள் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே சொன்னார்:

"பஸ்ல வந்தவங்க எல்லாரும் நல்லபடியா வீடு போய்ச் சேந்துட்டாங்க. இன்னும் என்ன?"

"அந்தச் செடிங்க..."

"சரி, அப்ப அதையாவது போய்ப் பாத்துட்டு வாங்க. இந்தச் சுவத்தைப் பாத்துப் பாத்து அதுக்கே வெக்கம் வந்திருக்கும்."

போனார். விபத்து நடந்த இடத்தில் முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு ஒரு அம்மா குனிந்து நின்றிருந்தார். நடுத்திட்டுச் செடிகளைப் பராமரிக்கிற ஆட்களுக்கு அவர்தான் மேஸ்திரி. முறிந்த கிளைகளையெல்லாம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருந்தார். ஏழு இடத்தில் வெறும் கட்டைகள்.

"செத்துப் போச்சாம்மா?"

"யாரு சொன்னா? மேலதான் போச்சு, வேர் அப்படியே இருக்கு. வெட்ட வெட்டத்தான் அரளி தழையும்." நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அந்த டிரைவரு?"

"ஆமா."

"எப்படியும் இந்த மாசம் வெட்டணும்னுதான் இருந்தோம். நீங்க முந்திக்கிட்டீங்க. என்ன, கொஞ்சம் முரட்டுத்தனமா வெட்டிட்டீங்க."

பல வாரத்துக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. தண்ணி லாரிக்கு டிரைவர் இல்லாமல் அந்த அம்மா திண்டாடிக்கொண்டிருக்கிறார் என்பதும் பேச்சுவாக்கில் தெரிந்தது. மறுநாள் காலையில் போய் நின்றார்.

நடக்கிற வேகத்தில் லாரி ஓட்டுகிற வேலை. கொஞ்சம் வேகம் கூடினாலும் பின்னாலிருந்து தகரத்தைத் தட்டுவார் மேஸ்திரி. வாரம் இரண்டு தடவை, வேர் வரை இறங்குகிற மாதிரி நிதானமாகத் தண்ணீர் காட்ட வேண்டும். குருத்தில் மஞ்சள் அசுவினிப் பூச்சி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சியே கழுவிவிடலாம். வெட்டிய கிளையின் பால் கையில் படக் கூடாது, சருகைக் கொளுத்தவும் கூடாது, அந்தப் புகையே விஷம். இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழைய சகாக்கள் பஸ்ஸில் கடக்கும்போது ஹாரன் அடித்து, "மாப்ளே, இன்னைக்குள்ள வீடு போய்ச் சேருவியா?" என்று கத்துவார்கள். ஆமை என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவர் கையை மட்டும் ஆட்டுவார்.

இருபத்திரண்டு வருஷம் ஓட்டிய சாலையை அப்போதுதான் பார்த்தார். காலை வெயிலில் தண்ணீர்த் தூறலுக்குள் பூக்கள் நனைந்து அசையும். ஒரு செடி போகும், அடுத்தது வரும், அதற்கடுத்தது. பக்கத்திலேயே ஊர்ப்பட்ட வாகனம் ஓடினாலும் அந்த இரைச்சல் எங்கோ தூரத்தில் மழை பெய்வதுபோல இருக்கும். லாரியில் தண்ணீர் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகும். ஒருநாள், நிரம்புகிற சத்தத்தைக் கேட்டபடி ஸ்டியரிங்கில் சாய்ந்தவர், மேஸ்திரி வந்து தோளைத் தொட்ட பிறகுதான் விழித்தார். கனவு எதுவும் வரவில்லை. உடம்பு தூக்கிப் போடவும் இல்லை.

அன்று வீட்டில் பாயைப் போட்டுப் படுத்தார். மனைவி மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆறு மாதம் முடிந்ததும் கண்டக்டர் தேடி வந்தார். புதுப்பல் கட்டியிருந்தார்.

"அண்ணே, டிப்போல கூப்பிடுறாங்க. இனிமே இரட்டை ஷிப்ட் கெடையாதாம், எழுதியே குடுத்திருக்காங்க."

"நல்லதுப்பா. நீங்க சந்தோஷமா ஓட்டுங்க. நான் இங்கேயே இருந்துடுறேன்."

"இந்த வண்டியிலயா? சம்பளமும் கம்மியாச்சே."

"கம்மிதான். ஆனா இதுல தூங்குனாலும் யாருக்கும் பல்லு போகாது."

கண்டக்டர் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் அவர் வற்புறுத்தவில்லை.

ஏழு கட்டைகளும் துளிர்த்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு குச்சிகள், முன்பைவிட அடர்த்தியாக. அடுத்த வெயில் காலத்தில் நுனியெல்லாம் மொட்டு வைத்தது. முதல் பூ விரிந்த அன்று அரை நாள் தையலை ஒதுக்கிவிட்டு மனைவி லாரியில் ஏறி வந்தார். முன்சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இதுக்கு வாசனை உண்டா?" என்றார் கடைசியில்.

அவர் யோசித்தார். டீசல் வாடையில் அது தெரிந்ததே இல்லை.

"தெரியலையே."

லாரியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். பின்னால் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஈரக் காற்று உள்ளே வந்தது.

"லேசா இருக்கு," என்றார் மனைவி. "இருங்க, உடனே வண்டிய எடுத்துடாதீங்க."