எழுந்து போன ரிப்பேர் கமிட்டி

அரசு ஆஸ்பத்திரி விசாரணை மேஜையில் உட்காருகிறவளுக்கு வழி சொல்வதுதான் வேலை; நியாயம் கேட்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. பீளமேட்டுக் கல்லூரியில் சமூகப்பணி படித்தபோது பயிற்சிக்காக என்னை அங்கே அனுப்பியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வரிசையில் கால் கடுக்க நின்ற புண்ணியவான்களே, இது உங்களுக்கும் நடந்திருக்கும்.

வெளியே எடுத்துட்டு வாங்க

சரசக்கா பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர். வயிற்று வலி. ஆபரேஷனா மாத்திரையா என்பது ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். வெளியே எடுக்க வசதியில்லை. எங்கள் ஸ்கேன் மெஷினோ மாதக்கணக்கில் கெட்டுப்போய், துணி போர்த்திக்கொண்டு நின்றது. டாக்டர் துடியலூரில் ஒரு சென்டருக்குப் போகச் சொன்னார். அதை நடத்துவது அவர் மனைவி!

விடுவேனா? "இது தப்பில்லையா சார்?" என்று நேராகப் போய்க் கேட்டேன். அவர் துளியும் கோபப்படவில்லை.

"சென்டர் எங்க ஊட்டுக்காரியோடதுங்க அம்மணி. தப்பா ரைட்டான்னு அவளைத்தான் கேக்கோணும்."

யாருக்குச் சம்பந்தம்?

சூப்பிரண்டெண்ட் அம்மாவிடம் போனேன். மெஷினை ரிப்பேர் செய்யக் கமிட்டி உண்டாம்; கூடும்போதெல்லாம் "அடுத்த தடவை பாத்துக்கலாமுங்க" என்று கலைந்துவிடுமாம். வெளியே ஸ்கேன் சென்டரில் சம்பந்தம் உள்ளவர்கள் கூட்டத்தில் இருக்கக் கூடாது என்று அரைமணி நேரம் வாதாடினேன். அம்மா ஒப்புக்கொண்டு, பேசினதை எழுத என்னையே உட்கார வைத்தார்.

கூட்டத்தில் அதை அறிவித்தார். துடியலூர்க்காரர் எழுந்தார். இன்னொரு டாக்டர், "என்ற மச்சான் ஒண்ணு வெச்சிருக்கானுங்க" என்று எழுந்தார். மூன்றாமவருக்குச் சம்பந்தி. ஹெட்கிளார்க், "கட்டடம் நம்முளதுங்க, வாடகைக்கு உட்டிருக்கறனுங்க" என்று பின்னாலேயே போனார். அம்மாவும் நானும்தான் மிச்சம். நான் வெற்றிப் புன்னகையோடு பேனாவைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்தார்.

"ரிப்பேருக்கு இத்தனை ஆகும்னு விலை எழுதிக் குடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் உங்க பெரியப்பாதானே கண்ணு? நீயும் எந்திரி."

வராந்தா

எனக்கு அது தெரியவே தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? முகம் எரிய வெளியே வந்தேன். கமிட்டி மொத்தமும் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த சரசக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஏனுங்க, பூராப் பேரும் வெளிய வந்துட்டீங்க, அப்ப உள்ள யாருங்க முடிவு பண்றது?"

உள்ளே

அது அம்மா காதில் விழுந்துவிட்டது. அத்தனை பேரையும் திரும்ப உள்ளே கூப்பிட்டார். சரசக்காவையும் கூப்பிட்டு நடுவில் நாற்காலி போட்டார். "யாருக்கு என்ன சம்பந்தமோ, இவங்க மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க. சொல்லிப்போட்டு, மெஷின் ரிப்பேர் வேண்டாம்னு தோணுறவங்க கை தூக்குங்க."

மச்சானும் சம்பந்தியும் வாடகையும் சபைக்கு வந்தன. கை ஒன்றும் வரவில்லை. துடியலூர்க்காரர் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். விலை குறைவு என்று, எழுதிக் கொடுத்த இருவரில் மற்றவருக்கே ரிப்பேர் வேலை போயிற்று. சீக்கிரமே மெஷின் ஓடியது. சரசக்காவுக்கு முதல் ஸ்கேன் எடுத்ததும் அதே துடியலூர் டாக்டர்தான். சின்னக் கட்டி, மாத்திரை போதும் என்றார். கிளம்பும்போது சரசக்கா மெஷினைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இத்தனை சொந்தபந்தம் இருந்துமா இது நாதியில்லாமக் கெடந்துச்சு!"

அந்த ஆஸ்பத்திரியில் நான் வாதாடி ஜெயித்த ஒரே வழக்கு இது. தோற்றவர் என் பெரியப்பா.