விரல் பக்கம் வைத்த மைக்

பழைய சைக்கிள் குழாயை அறுத்து நானே பற்றவைத்த மைக் ஸ்டாண்டு ஒன்று என் வீட்டுக் கூடத்தில் இன்றும் நிற்கிறது. நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அந்த ஸ்டாண்டையும் இரண்டு குழாய் ஸ்பீக்கரையும் வைத்துத் தொடங்கி, திருவையாற்றைச் சுற்றிக் கல்யாணமோ திருவிழாவோ எதுவென்றாலும் என் மைக் செட்டைத்தான் கூப்பிட வேண்டும் என்று ஆக்கினேன். ஜெனரேட்டர் வண்டி வாங்கினேன், மாடி வீடு கட்டினேன். ஆம்ப்ளிஃபயர் புகைந்தால் நானே பிரித்துப் பார்த்துச் சரிசெய்தேன். எவனும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. காதுதான் சொல்லிக்கொடுத்தது.

அந்தக் காதை மதித்தவர் எங்கள் பக்கத்து நாகஸ்வர வித்வான். எல்லோரும் நாகஸ்வரத்தின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டுவார்கள். சத்தம் வரும், சங்கீதம் வராது. ஒரு தீர்த்தவாரியன்று காலை, காவிரிப் படித்துறையில், என் ஸ்டாண்டை அவர் விரல்களுக்கு நேராக மூன்றடி தள்ளி வைத்தேன். ஆற்றுக்காற்று இரையாமல் என் துண்டைக் கிழித்து மைக்கில் சுற்றினேன். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிவந்து, “என்னய்யா, வாய்கிட்ட வைக்காம இடுப்புகிட்ட வச்சிருக்க?” என்று கத்தினார். வித்வான் ஊதுகிற சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். “சைக்கிள் மைக்காரர் வச்ச இடத்துலயே இருக்கட்டும். எங்க வைக்கணும்னு அவருக்குத் தெரியும்.” அந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சைக்கிள் மைக்காரர் என்றால் நான்தான். அன்று பதிவு செய்த கேசட்டை அவர் கையிலேயே கொடுத்தேன்.

வித்வான் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. போன பொங்கலுக்கு அவர் மகன் அந்தப் பதிவை இன்டர்நெட்டில் போட்டார். தவில், ஒத்து, தாளம், போட்டோ எடுத்தவர் வரைக்கும் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. போன் போட்டுக் கேட்டேன். “அண்ணே, மைக் வச்சது கமிட்டி ஆளுன்னுல்ல சொல்றாங்க. உங்க செட்டுன்னு என்ன அத்தாட்சி?” என்றார்.

அத்தாட்சி அந்தப் பதிவுக்குள்ளேயே இருக்க வேண்டும். வித்வான் கமிட்டிக்காரருக்குப் பதில் சொன்னபோது டேப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் செல்போனில் போட்டால் அந்த இடம் வெறும் கரகரப்புதான். நல்ல ஹெட்போன் வாங்கத் தஞ்சாவூர் கிளம்பினேன். “கூப்பிட்டாலே உங்களுக்குக் காதுல விழாது, இதுல அதை வேற மாட்டிக்கணுமா?” என்றாள் என் மனைவி.

கடைக்காரத் தம்பி முதலில் ஒன்றை மாட்டிவிட்டு, “பேஸ் சும்மா அதிரும் ஐயா” என்றான். அதிர்ந்தது, தவில் நெல் மில்லைப் போல. கழற்றி வைத்தேன். என் பதிவைப் போட்டு ஒவ்வொன்றிலும் மூன்றைத்தான் கவனித்தேன்: வித்வான் மூச்சு இழுப்பது கேட்கிறதா, தாளத்தின் ரீங்காரம் முழுசாக ஓய்கிறதா, சுருதிக்கு ஊதும் ஒத்து நாகஸ்வரத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கிறதா. ஆறாவதில் மூன்றும் வந்தன. “அது பின்னாடி ஓட்டை ஐயா. சத்தம் வெளிய போகும், வயர் வேற. பஸ்ஸுல சரிப்படாது.”

“நான் வீட்ல உக்காந்து கேக்கப்போறேன் தம்பி. பஸ்ஸை ஏன் இழுக்குற?” என்றேன். அப்படிச் சொல்லும்போதே அந்த இடம் வந்துவிட்டது. கரகரப்பு விலகி, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே வித்வான் குரல், சொல் சொல்லாக. கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வித்வானின் மகனை வீட்டுக்கு அழைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். மூன்று தடவை கேட்டார். “அப்பா பேசுறது எங்கிட்ட வேற எதுலயும் இல்லண்ணே” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எழுந்து போகும்போது, “பேர் விஷயம் பாக்கலாம்” என்றார்.

பார்க்க என்ன இருக்கிறது? வாசித்தது அவர் அப்பா, மறுக்கவில்லை. அந்த வாசிப்பு காவிரிக் காற்றோடு போகாமல் பிடித்து வைத்தது யார்? அவர் அப்பாவே சொல்லிவிட்டாரே! அந்த ஹெட்போன் இப்போது சைக்கிள் குழாய் ஸ்டாண்டில்தான் தொங்குகிறது, மைக் இருந்த அதே கொக்கியில். சந்தேகப்படுகிறவர் யாரும் வந்து மாட்டிக் கேட்கலாம். கேட்டுவிட்டு, தாளம் போட்டவர் பெயருக்குக் கீழே ஒலிப்பதிவு என்று எழுதி என் பெயரைப் போடுங்கள்.