மேனேஜருக்கு ஒரு சாம்பல்கட்டி

என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருக்கும் கறுப்புக் கட்டி, கல் அல்ல. உருகி இறுகிய நிலக்கரிச் சாம்பல். எண்பதுகளில், ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்த காலத்தில், அங்கே ஒரு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்திலிருந்து சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்துவந்தேன்.

நிலக்கரியை அப்படியே எரிக்காமல் உலையில் வாயுவாக்குவோம். அந்த வாயுவை எரித்து ஒரு டர்பைன் ஓடும். அது வெளியே விடும் சூட்டில் நீராவி எழுப்பி இன்னொரு டர்பைனையும் ஓட்டுவோம். ஒரே கரியில் இரண்டு முறை மின்சாரம். உலையின் அடியில் காற்றோடு கொஞ்சம் நீராவியும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடு மீறிச் சாம்பல் பாகாகிவிடும். நம் கரியில் சாம்பலுக்கா பஞ்சம்! அந்த நீராவியைத் திறந்து மூடும் வால்வு என் பொறுப்பு.

மேனேஜர் கெட்டிக்காரர், அதை மறுக்கமாட்டேன். தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் பார்க்க வந்த அன்று இரண்டாவது டர்பைனின் மீட்டர் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. என் காதருகே வந்து, "உலைக்குப் போற ஸ்டீமை மூடு, எல்லாம் டர்பைனுக்குப் போகட்டும்" என்றார்.

"சாம்பல் உருகிப் புடிச்சுக்கும்ங்க சார்."

"அரை மணி தாங்கும். மூடுன்னா மூடு."

மூடினேன். முள் ஏறியது. வந்தவர்கள் கைதட்டினார்கள். மேனேஜர் தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல அந்த மீட்டரைக் காட்டிக்கொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் உலை அடைத்துப்போனது. கடப்பாரை போட்டு இடித்தும் அடைப்பை எடுக்க நான்கு நாள் ஆனது.

விசாரணையில் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "ஆபரேட்டர் தூங்கிட்டான்." வேலை போனது. கைக்குழந்தையோடு பாலக்கோட்டுக்கு வந்து மண்டியில் தக்காளிக் கூடை தூக்கினேன். தூங்குமூஞ்சி என்ற பெயர் எனக்கு முன்பே பஸ் ஏறி வந்திருந்தது. "மன்னிச்சு வுட்டுருங்க, மாதா பார்த்துக்குவாங்க" என்பாள் மனைவி. பாதிரியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் எதையெதையோ சொல்லியிருக்கிறேன். இந்த வன்மத்தை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் விடச் சொல்வார்கள்.

போன வாரம் மேனேஜரே போனில் பேசினார். அவருடைய எண்பது வயது நிறைவுக்கு வாழ்த்து மலர் போடுகிறார்களாம். "அந்தச் சோதனை நாளைப் பத்தி எழுத உங்களை விட்டா ஆள் இல்லீங்க. நாலு வரி நல்லதா எழுதிக் கொடுங்க." எழுதித் தருகிறேன் என்றேன். வயிறு குளிர்ந்தது.

அதுதான் இதுவரை எழுதியிருப்பது. மலரில் வராது என்று தெரியும். அதனால் காகிதத்தோடு இந்தக் கட்டியையும் பார்சலில் அனுப்புகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும், இதைக் கையில் எடுத்துத்தானே ஆகவேண்டும். என் மேசையில் இனி காகிதம் பறக்கும். பறக்கட்டும்.