மடக்கி வைத்த கால்கள்

கரமனையில், ஆன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பித் தரும் சிறிய கடையில் வேலை பார்க்கிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்திருந்த கொத்தனார் ஒருவர், மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக ஒருநாள் வந்தார். அன்றுதான் கடைசி நாள்.

பாதி நிரப்பிவிட்டு, சான்றிதழ்களை நகலெடுக்கப் போனேன். திரும்பி வந்தால் கம்ப்யூட்டர் இருண்டு கிடந்தது. பட்டனை அழுத்தி உயிர்கொடுத்தேன், நிரப்பியதெல்லாம் போயிருந்தது. வயரெல்லாம் மேசைக்கு அடியில்தான் கிடக்கும். அதை ஒட்டித்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

“கால் வயர்ல தட்டினதாக்கும் அண்ணாச்சி! கொஞ்சம் அடங்கி இருந்தா என்னவாம்?” என்று கடையே கேட்கக் கத்தினேன்.

மறுபடி முதலிலிருந்து நிரப்பினேன். நடுவில் வேறொருவருக்கு அச்செடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், மறுபடியும் இருட்டு. கோபமாகத் திரும்பினேன். அந்த ஆறடி மனிதர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் மடக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் காலக் கீழயே வைக்கல மேடம்.”

அப்போதுதான் பவர் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தூங்கிவிடும்படி இருந்தது; தூங்கினால் நெட் அறுந்து, பாதியில் நிற்கும் விண்ணப்பமும் போய்விடும். கரண்ட் மிச்சமாகட்டும் என்று முந்தின வாரம் அப்படி வைத்தவள் நானேதான்.

“தப்பு என்மேலதான் அண்ணாச்சி. மன்னிக்கணும்” என்றேன், அதே கடை கேட்க.

“புள்ளைக்கு சீட்டு கெடச்சாப் போதும் மேடம்.”

அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருந்தால், என் தவறு எனக்குத் தெரிந்தே இருக்காது. போகாமல் இருந்ததற்காக இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று சொன்ன பிறகுதான் கேட்டார்:

“இனி காலக் கீழ வைக்கலாமா மேடம்?”