நசுங்கிப்போன ஆண் உண்ணி

என் மருமகளுக்குக் கோபமே வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அவளுக்கு வரவேண்டிய ரத்தக் கொதிப்பெல்லாம் எனக்கு வந்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். யாராவது தப்பு செய்தால் விசில், அதற்கும் மசியாவிட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். என் மகன் கப்பலில் எஞ்சினியர், வருஷத்தில் பாதி கடலில்தான். ஆக வீட்டில் இருப்பது நான், அவள், அப்புறம் அவளுடைய உண்ணிகள்.

நாயின் காதில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதன் தூரத்துச் சொந்தம் இது. ஓடைத் தண்ணீரில் கூழாங்கல் இடுக்கில் இருக்கும். குண்டூசித் தலையைவிடச் சின்னது, சிவப்பாக, எட்டுக் காலோடு. அருங்காட்சியகத்தில் இவற்றை ஆராய்வதுதான் அவள் உத்தியோகம். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் குழியெல்லாம் அவளுடைய கண்ணாடிக் குப்பிகள். எடுத்து வையேன் என்றால், "ரெண்டே நாள் அத்தை" என்பாள். அந்த இரண்டு நாள் போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது.

அப்போதுதான் ஒரு தீவுக்குப் படகில் போய், அங்கே ஓர் ஓடையில் இதுவரை யாரும் எழுதாத ஒரு வகையைக் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தால் போதாதாம், நிரூபிக்க வேண்டுமாம். பெண் உண்ணிகள் கைநிறையக் கிடைத்தன. ஆனால் அவை பார்க்க வேறு இரண்டு மூன்று வகைப் பெண்களைப் போலவே இருந்து தொலைத்தன. வித்தியாசம் ஆணிடம்தான். ஆணுக்குக் கடைசிக் காலில் ஒரு கணு மட்டும் கரண்டி மாதிரி வளைந்து, நுனியில் கொக்கி போல ஒரு முள் இருக்கும். அந்த ஆண் இல்லாவிட்டால் புது இனம் என்று வாயே திறக்க முடியாது. மாதக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியதில் ஒரே ஓர் ஆண் கிடைத்தது.

அதை அமிலத்தில் ஊறவைத்து, ஊசி முனையால் காலைத் தனியாகப் பிரித்து, சிலைடில் ஜெல்லிக்குள் பதித்து, மேலே மெல்லிய கண்ணாடி போட்டு மூடினாள். மைக்ரோஸ்கோப்பில் எனக்கும் காட்டினாள். அந்தக் கரண்டிக் காலைப் பார்த்து அசந்துதான் போனேன், ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் படம் வரைய உட்கார வேண்டியவள். அதற்குள் அவளுடைய துறைத் தலைவர் பார்வையாளர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மற்றவர்கள் செய்த வேலையையெல்லாம் "நாம செஞ்சது" என்று சொல்கிற மனிதர். "நாம கண்டுபிடிச்சத பாருங்க" என்று சிலைடை எடுத்து வைத்தார். சரியாகத் தெரியவில்லை. உடனே பெரிய லென்ஸுக்கு மாற்றி, குழாயில் கண்ணை வைத்தபடியே திருகைச் சுழற்றி லென்ஸை இறக்கினார். லென்ஸை இறக்கும்போது பக்கவாட்டில் இருந்து பார்க்க வேண்டும் என்பது அந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது. லென்ஸ் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது. ஆண் உண்ணி கூழாகிவிட்டது.

சாயங்காலம் காலணியைக் கழற்றிக்கொண்டே இதைச் சொன்னாள், பஸ் தாமதமாக வந்ததைச் சொல்கிற மாதிரி.

"அந்த ஆளு என்ன சொன்னாரு?"

"கண்ணாடி மட்டமான சரக்குன்னு சொன்னாரு அத்தை."

"நீ என்ன சொன்ன?"

"பரவாயில்ல சார்னு சொன்னேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கத் தெரியாதா உனக்கு?"

"கேட்டா அந்த ஆண் திரும்பி வருமா, சொல்லுங்க."

வராது. அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று இருந்தது. அடுத்த மழைக்கு முன்னால் அந்த ஓடையை மறித்து, தண்ணீரைக் குழாய்க்குள் விடப்போகிறார்கள். அதற்குள் இன்னோர் ஆண் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இத்தனை உழைப்பும் குப்பைக்குத்தான். தலைவரோ, "பாத்த ஓடைக்கே மறுபடி எதுக்கு?" என்று கைவிரித்துவிட்டார். அவள் விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினாள். தனியாக விட மனசில்லாமல் நானும் திட்டிக்கொண்டே படகேறினேன்.

ஓடைக் கரையில் குழாய்களை ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் கீழே வலையைப் பிடித்துக்கொள்ள, நான் மேலே நின்று காலால் கூழாங்கல்லைக் கிளற வேண்டும். கலங்கி வருவதை வலை பிடிக்கும். அதை வெள்ளைத் தட்டில் ஊற்றி, தெளியும்வரை காத்திருந்து, நகரும் சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சொட்டுக் குழாயில் உறிஞ்சி, கைலென்ஸில் பார்க்க வேண்டும். பெண். பெண். மறுபடியும் பெண். கால் மரத்துப்போய், சேலை முழங்காலுக்கு மேல் நனைந்து, "ஆம்பளைங்க எல்லாம் எங்கடா போய்த் தொலைஞ்சீங்க!" என்று ஓடையைப் பார்த்துக் கத்தினேன். அவள் அடுத்த தட்டை ஊற்றினாள்.

கடைசி நாள், படகுக்கு நேரமாகிவிட்டது என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தபோது கைலென்ஸோடு அப்படியே உறைந்து நின்றாள். பிறகு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் ஓடுகிறது. சத்தமே இல்லை.

"கரண்டி இருக்கு அத்தை," என்றாள்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் கல்லு மாதிரி இருக்கிறாளே என்று திட்டினேனே, உள்ளே இவ்வளவையும் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் பாவி.

அதன்பின் படம் வரைந்தாள், அளந்தாள், எழுதினாள். இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புது இனத்துக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது, இன்னொருவர் பெயரை வைக்கலாம். தலைவர் இதைக் குறிப்பாகச் சொல்லிக்கொண்டே சுற்றிச்சுற்றி வந்தாராம். "எப்படியாவது என் பேரு இதுல நிலைச்சு நிக்கணும்மா."

"நிக்கும் சார்," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நசுக்கியவன் பெயரையா அதுக்கு வைப்பாய் என்று கேட்டு, அந்த வாரம் முழுக்க நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கட்டுரை அச்சாகி வந்ததும் சாப்பாட்டு மேஜைமேல் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். உண்ணிக்கு வைத்திருந்தது அந்த ஓடையின் பெயர். ஓடை இப்போது குழாய்க்குள் போய்விட்டது. எனக்குக் கொஞ்சம் ஆறியது. அடுத்த பக்கத்தில், எந்த உண்ணி எங்கே கிடைத்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று வரிசையாக இருந்தது. ஒன்று விடாமல் எழுதியாக வேண்டுமாம், சேதமானால் எப்படிச் சேதமானது என்பதுவரை. அங்கே இருந்தது:

"முதல் ஆண்: நசுங்கியது. பார்வையாளர்களுக்குக் காட்டுகையில் லென்ஸை இறக்கி உடைத்தவர்," அதன்பின் தலைவரின் முழுப் பெயர், இனிஷியலும் பட்டங்களும் விடாமல்.

இனி உலகத்தில் எந்த மூலையில் யார் இந்த உண்ணியைப் பற்றிப் படித்தாலும் இந்த வரியைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்த பிறகும்.

"அடிப்பாவி! அந்த ஆளு பாக்காமலா விட்டாரு?"

"நன்றி சொல்ற பத்தியில அவர் பேரு இருக்கான்னு மட்டும் பாத்தாரு. இருந்துச்சு." முட்டைக் குழியில் புதுக் குப்பி ஒன்றைச் செருகினாள். "ரொம்ப சந்தோஷம் அத்தை அவருக்கு. வர்றவங்க எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துட்டிருக்காரு."